நாலு வருஷமும் இருப்பேன்

"நாலு வருஷமும் நான் அங்கதான் இருப்பேன், ரெனே. டெசா பட்டம் வாங்குற அன்னிக்கு முதல் வரிசையில எந்திரிச்சு நின்னு கை தட்டுறது நானாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு, கிளெண்டா ஸ்ட்ரூப் தட்டிலிருந்த ஆப்பிள் கேக்கில் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள்.

அம்மாக்கள் கொடுப்பதை மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு பெண் அணிக்கு வேண்டுமென்றால் முதலில் அவள் அம்மாவைப் பிடிக்க வேண்டும். கல்லூரிகளில் கூடைப்பந்து கோச்சாக முப்பத்துநான்கு வருடம் ஓட்டியதில் கற்றுக்கொண்டது அது.

எதிரே ரெனே கைகளை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடித்த மக்காச்சோள வயல், ஐயோவாவின் சாம்பல் நிற நவம்பர் வானம். மகள் டெசா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை.

டெசா ஆறடி இரண்டங்குலம். இடது கையாலும் வலது கையாலும் ஒரே மாதிரி பந்து போடுவாள். அப்படி ஒருத்தி கிளெண்டாவின் இப்போதைய கல்லூரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே அதிசயம்.

போன வருடம் நான்கு ஆட்டம் ஜெயித்து இருபத்துமூன்று தோற்றிருந்தார்கள். "அந்தப் பொண்ணு வந்தா அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம்" என்று விளையாட்டுத் துறைத் தலைவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கிளெண்டாவும் கேட்கவில்லை.

ஒன்பது கல்லூரிகள், ஏழு மாநிலங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிய இடம் கூப்பிடும். கிளெண்டா பெட்டி கட்டுவாள். நான்கு ஊர்கள்வரை புருஷன் கூடவே வந்தான். ஐந்தாவதற்கு, "நீ போ, எனக்குக் கால் வலிக்குது" என்று அங்கேயே இருந்துவிட்டான்.

ஒருகாலத்தில் பதினைந்தாயிரம் பேர் உட்காரும் அரங்கில் தலைமைக் கோச்சுக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. அந்தக் கோச்சை நீக்கினார்கள். கூடவே இவளையும். அதன்பிறகு ஒவ்வொரு படியாக இறக்கம்தான். இப்போது மிசூரியில், தொள்ளாயிரம் பேர் படிக்கும் ஒரு கல்லூரி.

இனி எங்கிருந்தும் யாரும் கூப்பிடப் போவதில்லை. வயது ஐம்பத்தேழு.

நாலு வருஷமும் இருப்பேன் என்பது அவளுக்குப் புதிய வாக்கியமில்லை. எத்தனையோ வீடுகளில் சொன்னதுதான். முழுக்க முழுக்க நிஜமாகச் சொன்னது இன்றைக்குத்தான்.

"நல்லாப் பேசுறீங்க, கோச்" என்றாள் ரெனே.

பிறகு, உப்பு குறைவு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: "டெசா இன்னிக்குக் காலையிலேயே வேற காலேஜ் டீம்ல சேரக் கையெழுத்துப் போட்டுட்டா."

கிளெண்டா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அது கிணிங் என்றது.

விளையாட்டுத் துறைத் தலைவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. காலி செய்ய வேண்டிய அறை நினைவுக்கு வந்தது. இந்த முறை பெட்டி கட்டினால் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

"நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே."

ரெனேயின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கிளெண்டா எழுந்து போயிருப்பாள்.

"இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால இல்லினாய்ஸ்ல, டெகேட்டர்ல, எங்கம்மா வீட்டுக்கு மூணு தடவை வந்தீங்க. நாலு வருஷமும் நான் இருப்பேன்னு சொன்னீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டே வாரம். பெரிய காலேஜ் கூப்பிட்டுச்சுன்னு போயிட்டீங்க. உங்க இடத்துக்கு வந்தவரு என்னை ஆட்டத்துல இறக்கவே இல்ல. ஒரு வருஷம் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் பந்தைத் தொடல."

கிளெண்டா எதையோ சொல்ல ஆரம்பித்தாள். ரெனே தலையசைத்துத் தடுத்தாள்.

"சண்டை போடக் கூப்பிடல, கோச். டெசாவைப் பாக்க வரணும்னு நீங்க போன் பண்ணப்ப, ஒண்ணே ஒண்ணு கேட்டுடலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்." கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "என்னைத் தெரியுதா?"

கிளெண்டா பார்த்தாள். அகலமான நெற்றி. கண்ணுக்குக் கீழே கருவளையம். காதோரம் நரை. வயதைக் கழித்துப் பார்த்தாள், உடம்பைக் கழித்துப் பார்த்தாள்.

டெகேட்டருக்குப் பிறகு போன அந்தப் பெரிய கல்லூரி நினைவிருந்தது. அரங்கில் புதிதாகப் போட்ட மரத்தரையின் வாசனைகூட இப்போதும் மூக்கில் வந்தது. ஆனால் டெகேட்டரில் ஒரு வீடும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பெண்ணும் வரவில்லை.

மன்னிச்சிடு, தெரியலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உன்னைப் போய் மறப்பேனாடி?"

முப்பத்துநான்கு வருடப் பழக்கம். அதுவாக வந்துவிட்டது, சரியான குரலில், சரியான இடத்தில் ஒரு சின்ன நடுக்கத்தோடு.

ரெனேயின் கண் நிரம்பியது. முகம் அப்படியே மாறியது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் ரெனே. "எங்கம்மா சாகுற வரைக்கும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் சொல்லுவேன், இல்லம்மா, கோச் என்னை மறந்திருக்க மாட்டாங்கன்னு."

கிளெண்டாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.