ஒரு பிடி இலவம்பஞ்சு

"தேங்காய் நாரையே அடைங்க பாய். பஞ்சு வேணாம்."

மாயம்மாள் இதைச் சொன்னபோது, அவள் புருஷன் பொம்மையன், மெத்தைக் கடையில் விற்பனைக்குக் கிடந்த இலவம்பஞ்சு சோபாவில் பாதி புதைந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தொட்டுப் பாரு மாயம்மா. வெண்ணெய் கணக்கா இருக்கு. என் நாற்காலிக்கும் இதையே வைக்கச் சொல்லு."

"செத்த நேரம் பேசாம இருங்க."

கடைக்காரர் பக்ருதீனுக்குச் சுருக்கென்றது. திண்டுக்கல்லில் அவர் கடைக்கு வருகிற யாரும் மெத்தென்று இருக்கட்டும் என்றுதான் கேட்பார்கள். நார் அடைப்பது பஸ் சீட்டுக்கும் ஜட்கா வண்டிக்கும். உடம்புக்கு முடியாத மனுஷனின் நாற்காலிக்குப் போய் யாராவது நார் கேட்பார்களா?

அதுவும் பொம்மையனுக்கு! நத்தம் லைனில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். அந்த டிரைவர் சீட்டுக்கு நார் அடைத்ததே பக்ருதீன்தான். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டோடு கிடக்கிறார். பிள்ளைகுட்டியும் இல்லை.

"ஏம்மா, இம்புட்டு வருசமா நார் சீட்டுல உக்காந்து இடுப்பொடிஞ்ச மனுசன். இனியாச்சும் சொகமா உக்காரட்டுமே. நார் வெலைக்கே பஞ்சு அடைச்சுத் தாரேன்."

"காசுக்காகச் சொல்லல பாய். நாருதான் வேணும். நல்லா இறுக்கி அடைங்க. உக்காந்தா அமுங்கக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. கிளம்ப வேண்டியதுதான். பொம்மையன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நன்றாக இருந்த வலது கையை அவள் பக்கம் நீட்டினார்.

மாயம்மாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்களா எந்திரிங்க."

"முடியல தாயி."

"முடியும். எந்திரிங்க."

கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் என்னவோ போலாகிவிட்டது. பொம்மையன் எம்பினார். பஞ்சு அவரைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டது. மறுபடியும் எம்பினார். மறுபடியும் அதே கதை. பார்க்கச் சகிக்காமல் பக்ருதீனே ஓடிப்போய், அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"பாத்தீங்களா பாய்?" பொம்மையன் சிரிக்க முயன்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "முன்னெல்லாம் நான் அசைஞ்சாலே ஓடியாருவா. இப்ப நான் பாரமாப் போயிட்டேன்."

மாயம்மாள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்த பக்ருதீனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பொம்பளையா அது? கல்லு. கட்டுன புருசனுக்குக் கை கொடுக்க மனசு வரல. உக்கார்ற எடமும் குத்தணுமாம்!"

அவர் மனைவி குர்ஷித் பேகம் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அடியில நாரை அடைங்க. மேல ரெண்டு பிடி பஞ்சை வச்சு மூடிருங்க. அந்தம்மா பிரிச்சா பாக்கப் போகுது? பாவம், அந்த மனுசன் வாழ்த்துற துஆவாச்சும் நமக்குக் கெடைக்கும்."

நல்ல யோசனையாகப் பட்டது. பக்ருதீன் உசத்தியான பஞ்சாகப் பார்த்து எடுத்தார். ஒரு கொட்டைகூட இல்லாமல் பொறுக்கி, பூவாகப் பிரித்து, நாருக்கு மேல் பரப்பித் தைத்தார். ரெண்டு பிடி என்று ஆரம்பித்தது நாலு பிடி ஆனது. தானம் செய்யும்போது கை கொஞ்சம் தாராளமாகத்தானே போகும்!

நாற்காலியை எடுத்துப்போக மாயம்மாள் மட்டும் மாட்டு வண்டியோடு வந்தாள். வந்தவள் நேராக அதில் உட்கார்ந்தாள். கைப்பிடியை ஒரு கையால் மட்டும் பிடித்து, ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு எழுந்து பார்த்தாள். தடுமாறித் திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், இதுல பஞ்சு இருக்கு."

"இல்லம்மா... சும்மா மேலாப்புல கொஞ்சூண்டு..."

"பிரிச்சு எடுத்துருங்க."

பக்ருதீனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னம்மா நெஞ்சு உங்களுக்கு? அந்த மனுசன் கொஞ்சம் மெத்துனு உக்காந்தா உங்களுக்கு எங்க குத்துது?"

மாயம்மாள் கோபப்படவில்லை. வண்டிக்காரன் தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பஞ்சு சொகம்னு எனக்குத் தெரியாதா பாய்? ஆனா உக்காந்தா உள்ள வாங்கிருதே. யாராச்சும் தூக்கி விட்டாத்தான எந்திரிக்க முடியுது."

"தூக்கி விடத்தான் நீங்க இருக்கீங்களே!"

அவள் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள்.

"கட்டி பாய். மதுரையில போய்க் காட்டினேன். முத்திப் போச்சு, அறுத்தும் பிரயோசனம் இல்லைன்னுட்டாக. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிராதீங்க."

பக்ருதீன் கத்தியை எடுத்துத் தையலை அறுத்தார். ஆசை ஆசையாகப் பரப்பிய பஞ்சைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டார். நாரை அள்ளி வைத்து, கட்டையால் இடித்து இடித்து இறுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க பாய்" என்றாள் மாயம்மாள். "அன்னைக்கு நான் கை கொடுக்கலேன்னு எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாத்தீக. நான் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிட்டா, நாளைக்கு நான் போனப்புறம் அவுக நீட்டுற கைய யாரு பாய் பிடிப்பா?"