மழை நாளில் அளந்த அறை

அந்தக் கூடத்துக்கு ஒலி திருத்தும் பெட்டி வந்த அன்று நல்ல மழை. வந்ததும் வராததுமாக சோபாவில் மைக்கை நிறுத்தியது. இரண்டு ஸ்பீக்கர்களையும் மாறிமாறிக் கூவ வைத்து அறையை அளந்தது.

"இந்த அறை சன்னமான ஒலியை எல்லாம் முழுங்குது. ட்ரெபிளை, அதான் அந்தக் கீச்சு ஒலியை, ஏத்திப் பாடுங்க" என்றது.

கூடத்தின் குறுக்கே கொடி கட்டி ஈரப் புடவைகளும் போர்வைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

"முழுங்குறது அந்தத் துணிங்கதானே?" என்றது இடது ஸ்பீக்கர்.

"நான் அளந்தது அறையை."

அன்று ஏற்றிப் பாடியது நன்றாகவே கேட்டது. மறுநாள் வெயில் அடித்தது. துணிகள் அலமாரிக்குப் போயின. ஸ்பீக்கர்கள் சொன்னபடியே ஏற்றிப் பாட, தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் தேவசகாயம் காதைப் பொத்திக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஸ்பீக்கர் போயிடுச்சு எஸ்தர். தள்ளிவிட வேண்டியதுதான்."

"எங்களை எங்க போக்குல பாட விடேன்" என்று வலது ஸ்பீக்கர் பெட்டியிடம் கெஞ்சியது.

"என் கணக்கு சரி. அறைதான் தப்பு."

"அறை எப்படிப்பா தப்பா இருக்கும்?"



"நேத்து நல்லாத்தானே கேட்டுச்சு? ஈரத் துணி வேற கொடியில கிடந்துச்சு" என்றாள் எஸ்தர்.

தேவசகாயம் யோசித்தார். அலமாரியில் மடித்திருந்த புடவை, போர்வை எல்லாவற்றையும் அள்ளி வந்தார். வாளித் தண்ணீரில் நன்றாக முக்கி, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டார்.

"ஐயோ, காய்ஞ்ச துணிங்க!" என்றாள் எஸ்தர்.

"உஷ்ஷ்... கேளு."

பாட்டு இனித்தது. இடது ஸ்பீக்கர் வலதைப் பார்த்தது. வலது கொடியைப் பார்த்தது.

"பாத்தீங்களா?" என்றது பெட்டி. "அறை திருந்திடுச்சு."