பாதிப் படம்

"யாராச்சும் படத்த முழுசாப் பாத்தீங்களா?"

தினேஸ்வரி டீச்சர் ஐந்து தாள்களையும் மேசைமேல் விரித்துப் போட்டார். ஈப்போவில் ஒரு கிளினிக்கின் மாடியில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பு அது. வேலை முடிந்து வருகிறவர்களே மாணவர்கள். வகுப்பிலேயே வயதில் சின்னவர் டீச்சர்தான்.



"சனிக்கிழமை தியேட்டருக்குப் போய் அந்த இங்கிலீஷ் படத்தப் பாருங்க, விமர்சனம் எழுதுங்கன்னு சொன்னேன். ஷுட் ஹேவ், மஸ்ட் ஹேவ், மைட் ஹேவ் எல்லாம் வரணும்னு சொன்னேன். எல்லாம் வந்திருக்கு. இலக்கணத்துல ஒரு தப்பு இல்ல."

"அப்புறம் என்ன டீச்சர், பாஸ் போட்டுடுங்க லா," என்றார் ஆம்புரோஸ். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வகுப்பில் மூத்தவர்.

"அண்ணே, உங்க தாளையே எடுத்துக்குவோம். சமையல்காரர் கடைய விக்கிறதுக்கு முன்னால மகளைக் கேட்டிருக்கணும்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கு. ஆனா அடுத்த வரி, மைட் ஹேவ் டைட். அவர் செத்திருக்கலாம். படத்தப் பாத்தீங்கல்ல? செத்தாரா இல்லையா?"

ஆம்புரோஸ் தலையைச் சொறிந்தார். "வயசான ஆளு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"கலாதேவி, கடை வாங்க வந்தவன மக கட்டியிருக்கலாம்னு நீங்க எழுதியிருக்கீங்க."

"பாக்க லட்சணமா இருந்தான் டீச்சர்," என்றாள் சலூனில் வேலை செய்யும் கலாதேவி.

"மகேந்திரன், நீங்க கடையையே கொளுத்திட்டீங்க."

"எரிஞ்சிருக்கலாம்னுதான் எழுதினேன் டீச்சர். எரிஞ்சிச்சுன்னு எழுதல."

மறுபடியும் சிரிப்பு.

டீச்சர் தாள்களை அடுக்கினார். "படம் இப்படியெல்லாம் முடியல. அஞ்சு பேருக்குமே முடிவு தெரியல. பாதியில எழுந்து போயிருக்கீங்க. இது சர்ட்டிபிகேட்டுக்கான மார்க்கு. பாக்காத படத்துக்கு நான் எப்படிப் போடுறது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் மகேந்திரனின் மேலாளர், இந்த மாதம் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால் லைன் லீடர் பதவி என்று சொல்லியிருந்தார். அது வகுப்புக்கே தெரியும்.

கலாதேவி அவன் பக்கம் சாய்ந்தாள். "சொல்லிருவோமா அண்ணே?"

மகேந்திரன் தலையை ஆட்டினான். "வேணாம்." பிறகு டீச்சரைப் பார்த்தான். "முட்டைன்னா முட்டை. போடுங்க டீச்சர். அடுத்த தடவ எழுதிக்கிறேன்."

டீச்சர் பேனாவை எடுத்தார். முட்டை போட மனம் வரவில்லை. கீழே வைத்தார்.

"படம் பிடிக்கலையா?"

"பிடிச்சிச்சு."

"இங்கிலீஷ் வெளங்கலையா?"

"கீழ மலாய்ல எழுத்து ஓடிச்சு டீச்சர். எல்லாம் வெளங்கிச்சு."

"அப்புறம் ஏன் எழுந்தீங்க? ஒரு நல்ல காரணம் சொல்லுங்க, திருப்பி எழுத விடுறேன்."

ஆம்புரோஸ் முன்வந்தார். "வேன எக்குத்தப்பா நிறுத்திட்டேன் டீச்சர். சம்மன் ஒட்டி ஃபைன் போட்டுருவானோன்னு பயம். சனிக்கிழம மகேந்திரனுக்கு ஓவர்டைம், அதனால ஞாயித்துக்கிழம எங்க ஊரு கோப்பெங்லேருந்து எல்லாரும் ஒண்ணா என் வேன்லதான்..."

கலாதேவி அவர் காலை மிதித்தாள். கொஞ்சம் தாமதமாகத்தான் மிதித்தாள்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் டீச்சர். "எத்தன மணி ஷோ?"

"மூணு மணி," என்றார் ஆம்புரோஸ், ரொம்பச் சின்னக் குரலில்.

டீச்சர் பேனாவை மூடினார்.

"நடுவுல யார் வெளிய வந்தது?"

"நாந்தான் டீச்சர். டாய்லெட்டுக்கு," என்றான் மகேந்திரன்.

"அங்க யாரையாச்சும்..."

"யாரையும் பாக்கல டீச்சர்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

"எல்லாரும் எந்தக் கதவு வழியா வெளிய போனீங்க?"

"தெரைக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கே, கார் பார்க்குக்கு எறங்குறது," என்றார் ஆம்புரோஸ்.

"முன்கதவு வழியா ஏன் போகல?"

ஆம்புரோஸ் கூரையைப் பார்த்தார். மகேந்திரன் மேசையைப் பார்த்தான்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"நடுவுல ஒரு வரிசையில மட்டும் தரையில ஒரு சோளப்பொரி இல்ல," என்றார் மெதுவாக. "காலி டப்பாவெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி, ஓரமா வச்சிருந்துச்சு. யாரு இவ்வளவு நல்லவங்கன்னு விளக்குமாத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னு யோசிச்சேன்."

கலாதேவி தன் நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமையில நான் அங்கதான் வேல செய்யிறேன். உங்ககிட்ட சொல்லக் கூச்சம். அதான் சனிக்கிழம போகச் சொன்னேன்."

"பின்ன என்ன டீச்சர்," என்றார் ஆம்புரோஸ். "நீங்க கூட்ட, நாங்க காலத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கவா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"சும்மா மார்க்கு போட மாட்டேன். முழுக் கதையும் தெரிஞ்சுக்கிட்டு, இப்பவே திருப்பி எழுதணும்."

"முழுக் கதைக்கு எங்க போறது டீச்சர்?" என்றான் மகேந்திரன்.

"படம் முடியிற நேரத்துலதான் எங்கள உள்ள விடுவாங்க. அதனால எந்தப் படம்னாலும் எனக்கு முடிவு மட்டும்தான் தெரியும். அத நான் சொல்றேன். முதல்ல நீங்க முன்பாதிய சொல்லுங்க. அந்த ஆளு கடைசியில ஒரு வாய் சூப்ப குடிச்சிட்டு எதுக்கு அப்படி அழறாருன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல."