பித்தப்பைக் கல்

ஆறு வாரம் முடிந்துவிட்டது. இனி ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஓட முடியவில்லை.

நூறு அடி போவதற்குள் மூச்சு வாங்கியது. மார்பு இன்னும் அவளுடையதாக ஆகவில்லை. இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை, அதன்மேல் கணவனின் தொளதொளச் சட்டை. கோயம்புத்தூர்க் காலைக் காற்றிலும் முதுகு நனைந்தது.

முன்பெல்லாம் இந்தப் பூங்காவைப் பத்துச் சுற்று சுற்றுவாள். இன்று அரைச் சுற்றிலேயே பெஞ்சைத் தேடினாள்.

முப்பத்தெட்டு வயதில் ஆசைப்பட்டுச் செய்துகொண்ட ஆபரேஷன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் நெஞ்சு தட்டை என்று 'கேரம் போர்டு' எனக் கூப்பிட்டவர்களை அவள் மறந்ததே இல்லை. இப்போது கண்ணாடி முன் நின்றால் பிடித்திருக்கிறது.

வாசலைத் தாண்டினால்தான் கஷ்டம்.

கணவனைத் தவிர எல்லோரிடமும் பித்தப்பைக் கல் என்று சொல்லியாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் இரண்டை மறைத்துக்கொண்டு ஓட வந்திருக்கிறாள்.

கூட நடக்கிறவர்கள் விடவில்லை. எண்ணெய்ப் பலகாரம் தொடாதே என்றாள் ஒருத்தி. எந்தக் கல் என்றுகூடத் தெரியாமல் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்து நீட்டினாள் இன்னொருத்தி. அதையும் குடித்தாள். தலையாட்டித் தலையாட்டியே களைத்துப் போனாள். உண்மை தெரிந்தால் சிரிப்பார்கள். அப்புறம் இந்தப் பக்கமே வர முடியாது.

பெஞ்சில் புஷ்பலதா அக்கா வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு வருடம் முன்பு கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, மெலிந்து போய்த் திரும்பி வந்தவர். அதிகம் பேசமாட்டார்.

இன்று சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்துவிட்டார்.

அவள் சட்டையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்கு எடுத்தது கர்ப்பப்பை இல்ல கண்ணு."

நடந்து போன இருவர் கையசைத்தார்கள். அக்காவும் சிரித்துக் கையசைத்தார். அவர்கள் திருப்பத்தைத் தாண்டியதும் நெருங்கி உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் வெச்சு விடுவாங்களான்னு உன்ற டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றியா?"