பதினாறு பல் பினியன்

“கழட்டிக் காட்டச் சொல்லுங்க” என்று சுருளிராஜன் சொன்னதும், கோப்பையை வாங்க நீட்டிய கையை மாரீஸ்வரி மடக்கிக்கொண்டாள்.

அனுமந்தன்பட்டி நெற்களத்தில் ரிமோட் கார் பந்தயம் முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் வந்தது அவள் வண்டி. அரை வண்டி நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்தது சுருளிராஜன் வண்டி.

மோட்டார் தண்டில் மாட்டுகிற சின்னப் பல்சக்கரத்துக்குப் பினியன் என்று பேர். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பந்தய விதிப்படி அதில் பதிமூன்று பல்லுக்கு மேல் இருக்கக் கூடாது. பல் கூடினால் வேகம் கூடும். மாரீஸ்வரி பதினாறு பல் மாட்டி ஓட்டிவிட்டாள் என்பது சுருளிராஜன் புகார். போன வாரம் அவளுக்குப் பார்சலில் பதினாறு பல் பினியன் வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றான்.

நடுவர் பொன்னுராஜ் அவளைப் பார்த்தார். தேனியில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவர் அவர்.

“வந்துச்சு. மாட்டல” என்றாள்.

வந்தது நிஜம்தான். ஓட்டிப் பழக வாங்கியது. புதன்கிழமை டப்பாவைத் திறந்தால் காணோம். எங்காவது உருண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். அதை இந்தக் கூட்டத்தில் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? ஏற்கெனவே ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது. பொம்பளை முதலில் வந்தபோதே நினைத்தேன் என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. விழட்டும்.

பத்து நிமிஷத்துக்குள் பினியனைக் கழற்றித் தர வேண்டும், தராவிட்டால் கோப்பை இரண்டாவது வந்தவருக்கு என்று பொன்னுராஜ் மைக்கில் அறிவித்தார்.

சுருளிராஜன் சாவகாசமாக நின்றான். அது லேசில் கழன்று வராது என்று அவனுக்குத் தெரியும். ஸ்க்ரூவில் பசை விட்டு அவள் இறுக்கியதையும் அவன் பார்த்திருந்தான்.

யாரோ ஒரு புண்ணியவான் கட்டிங் பிளேயரோடு ஓடி வந்தான். அவள் மோட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அதைக் கீழ வைங்கண்ணே. என் மோட்டாரு, நான்தான் கழட்டுவேன்.”

கம்பத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவளுக்கா தெரியாது? நெம்பினால் தண்டு வளையும். தண்டு வளைந்த மோட்டாரைக் குப்பையில்தான் போட வேண்டும்.

சால்ட்ரிங் கம்பியைச் சூடாக்கி, பினியனைப் பிடித்திருந்த பொடி ஸ்க்ரூவின் மேல் வைத்தாள். பசை லேசாகப் புகைந்தது. ஆலன் கீயைச் சொருகித் திருகினாள். அசையவில்லை. நாலு நிமிஷம் போச்சு என்றார் பொன்னுராஜ். ஸ்க்ரூவின் குழி வழுக்கிவிட்டால் சோலி முடிந்தது. இன்னொரு தடவை சூடு வைத்தாள். அவள் விடுகிறதாக இல்லை. கோப்பை போனாலும் போகட்டும். கள்ளி என்ற பேரோடு வீட்டுக்குப் போக அவளால் முடியாது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. காயிலில் வார்னிஷ் கருகுகிற வாடை, அவளுக்குத் தினமும் பழகினது. தன் மோட்டாரை மோந்து பார்த்தாள். இதிலிருந்து இல்லை. மேஜையின் மறுகோடியில் இருந்த சுருளிராஜன் வண்டியிலிருந்து வந்தது.

தாங்காத அளவு பல் உள்ள பினியனை மாட்டினால்தான் மோட்டார் இப்படித் தீயும். புதன்கிழமை காணாமல் போனது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடப்பாவி என்று நாக்கு நுனிவரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மூன்றாவது சூட்டில் ஸ்க்ரூ கிறீச்சென்று இளகியது. பல்சக்கரத்தைக் கவ்வி இழுக்கிற குட்டிப் புல்லரை மாட்டித் திருகத் திருக, பினியன் தண்டை விட்டு நகர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. எட்டரை நிமிஷம்.

பொன்னுராஜ் ஒரு பல்லில் மை வைத்து அதிலிருந்து எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். பன்னிரண்டு.

பதிமூன்றுகூட இல்லை. வளைவுக்கு வளைவு மணல் கிடக்கிற களத்தில் வேகத்தைவிட இழுவைதான் முக்கியம் என்று அவள் ஒரு பல் குறைத்தே போட்டிருந்தாள். சற்றுமுன் சிரித்த பக்கம் இப்போது கைதட்டியது. ரொம்பத்தான் தட்டியது.

கோப்பையை அவள் வாங்கவில்லை.

“எனக்கும் ஒரு புகார் இருக்கு. அவுக வண்டியையும் கழட்டணும்.”

யாருடைய வண்டி என்று பேரைச் சொன்னால்தான் புகாரை எடுத்துக்கொள்ள முடியும் என்று பொன்னுராஜ் மைக்கை நீட்டினார்.

சுருளிராஜன் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அவள் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம்.

அந்தத் தைரியத்துக்குக் காரணமும் இருந்தது. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்டபோது பக்கத்து வீட்டு ஜக்கம்மாதான் சொன்னாள். பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை.

மாரீஸ்வரி மைக்கை வாங்கினாள்.

“சுருளிராஜன்” என்றாள். களம் முழுக்கக் கேட்டது.

பிறகு புல்லரை எடுத்துக்கொண்டு புருஷன் வண்டிப் பக்கம் நடந்தாள்.