கற்பூரத்துக்கு அடிக்காத அலாம்

கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது, புகை அலாம் அடிக்கவில்லை.

யோகேஸ்வரன் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கரவனின் கூரை தாழ்ந்த கூரை. புகை நேரே போய் அந்த வெள்ளை வட்டப் பெட்டியில் முட்டிப் பரவியது. அது கம்மென்று இருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெண்டில் ஹில்லில் எந்தத் தமிழ் வீட்டிலும் இப்படியோர் அதிசயம் நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை சாமிக்குக் கற்பூரம் காட்டினால் வீட்டு அலாம் தெருவையே கூட்டிவிடும். ஒருவர் மணி அடிக்க, இன்னொருவர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிற வேண்டும். அதைப் பார்த்துத்தான், காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற இந்தக் கரவனுக்கும் யோகேஸ்வரன் கற்பூரப் பரிசோதனை வைத்தார். சாமிக்கும் ஆச்சு, அலாமுக்கும் ஆச்சு.

இன்றைக்கென்று பார்த்து அது வாயை மூடிக்கொண்டது.

கரவன் வாசலில் நின்ற மனைவி சந்திரவதனா மணிக்கூட்டைப் பார்த்தாள். மணி எட்டரை. சனிக்கிழமை, ஒன்பதுக்கு ராகுகாலம். அதற்குள் கேற்றைத் தாண்டவில்லை என்றால் இன்றைக்குப் பயணம் இல்லை. இன்றைக்கு இல்லையென்றால் இந்த மனுஷன் மறுபடி அந்த அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். அவளுடைய பயமெல்லாம் அது ஒன்றுதான்.

வருஷத் தொடக்கத்தில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் அவருக்கு பைபாஸ் செய்தார்கள். உடம்பு நன்றாகத் தேறியது. கார் ஓட்டலாம், படியேறலாம், ஊர் சுற்றலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். மனுஷன்தான் எழும்பவில்லை. முப்பது வருஷம் ரயிலுக்குப் பிரேக் பார்த்தவர், திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேலையிலிருந்து இளைப்பாறியதும் ஆஸ்திரேலியாவைச் சுற்றுவதென்று ஆசை ஆசையாய் வாங்கிய கரவன் வெளியே வெயில் காய்ந்தது. அதைப்பற்றிப் பேச்செடுத்தால், "ஆருக்கு இனி உதெல்லாம்" என்பார்.

அப்படிப்பட்டவரை எழுப்பியது ஒரு பைப்.

கரவன் குசினியில் பைப் ஒழுகுகிறதென்று சந்திரவதனா வந்து சொன்ன அன்று, திட்டிக்கொண்டே எழுந்து போனார். ஒரு மணித்தியாலம் கழித்துக் கையெல்லாம் ஊத்தையாய் வந்து தேத்தண்ணி கேட்டார். ஆறு கிழமைக்குப் பிறகு அவராக வாய் திறந்து கேட்ட முதல் தேத்தண்ணி. அவள் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் கேத்திலைப் போட்டாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் கரவன்தான். ரயர்களுக்குக் காற்றுப் பார்ப்பார், உதிரிச் சில்லையும் விடமாட்டார். கேஸ் குழாயின் மூட்டில் சவர்க்கார நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பார். யன்னல் ரப்பரை விரலால் நீவி வெடிப்புத் தேடுவார். பிரேக் லைற் பார்க்கும்போது அவள் பின்னால் நின்று "எரியுது, எரியுது" என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்வரை கத்த வேண்டும்.

கரவனும் லேசுப்பட்டதல்ல. சாண் ஏற முழம் சறுக்குகிற கதையாய்க் கிழமைக்கொரு கோளாறு. ஒரு கிழமை அலுமாரிப் பூட்டு கழன்றிருக்கும். அடுத்த கிழமை யன்னல் திருகாணியைக் காணவில்லை. பிறகு கட்டிலுக்கு மேலே இருக்கிற விளக்கு. கேசிலும் சில்லிலும் பிரேக்கிலும் மட்டும் ஒரு நாளும் பிழை வந்ததில்லை, கடவுள் புண்ணியம்.

போன சனிக்கிழமைதான் முதல் தடவையாக ஒரு குறையும் இல்லை. நம்பாமல் இரண்டு தரம் சுற்றி வந்தார். கையைத் துடைத்தார். அடுத்த கிழமை ஜெர்விஸ் பே பக்கம் போய்வருவோமா என்று அவராகவே கேட்டார். மனுஷன் மனம் மாறுவதற்குள் சந்திரவதனா போனை எடுத்துக் கடற்கரையோரமாய்க் கரவன் நிறுத்த இடம் பிடித்துவிட்டாள். அரிசி மாவு வறுத்தாள், மிளகாய்த்தூள் கட்டினாள், அவருடைய மருந்துகளை நாள்வாரியாய்ப் பிரித்து அடுக்கினாள்.

இப்போது பார்த்தால் இந்த அலாம்.

யோகேஸ்வரன் கற்பூரத் தட்டை வெளியே படியில் வைத்துவிட்டு வந்து, மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்த பற்றரியை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். ஒரு சுள்ளென்றும் இல்லை, பற்றரி செத்துப்போயிருந்தது. பிறகு பற்றரியைக் கையில் வைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

அந்த இருப்பு அவளுக்குத் தெரிந்த இருப்பு. அப்படியே சரிந்து படுக்க எவ்வளவு நேரமாகும்?

பதறிப்போனாள். யோசிக்க முன்னமே வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ அப்பா, இது நான் செய்யேல்லை! சத்தியமாய் இது நானில்லை!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகேஸ்வரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டில் ஆட ஆடச் சிரித்தார். பைபாஸ் செய்த நாளிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமக்கூடப் பயந்த மனுஷன்.

"எனக்குத் தெரியும். முதல் நாளே புது வோஷரைக் கையிலை பிடிச்சுக்கொண்டெல்லே வந்து பைப் ஒழுகுது எண்டு சொன்னனீர்" என்றார். "உந்தப் பைப்புக்கெண்டோ நான் எழும்பினனான்?"

சொல்லிக்கொண்டே கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பற்றரியை வழியில் வாங்கலாமாம்.