இருபதாம் எண்

“என்னங்க, மறுபடியும் போச்சு.”

நேர்காணலுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. லேப்டாப் திரையின் மூலையில் அதே மஞ்சள் முக்கோணம்: இந்த ஐபி முகவரியை வேறொரு கணினியும் பயன்படுத்துகிறது.

“பதறாதே, பார்த்துக்கலாம்,” என்றான் கணவன் போனில். அவன் குரல்தான் பதறியது.

ஆபீஸ் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. அவளுக்கான இந்தப் புது வேலையின் விளம்பரத்தைத் தேடிப் பிடித்தவன் அவன்தான். இப்போது எதற்கு என்று கேட்டவளை விடாமல் நச்சரித்து விண்ணப்பிக்க வைத்தவனும் அவன்தான். ஒரு வாரமாக அவளைவிட அவனுக்குத்தான் தூக்கமில்லை.

நேற்று தன் லேப்டாப்புக்கு ஐபி முகவரியாக வைத்திருந்த இருபதாம் எண்ணை அவளுடையதற்கும் போட்டுக் கொடுத்தான். ரூட்டர் அந்த எண்ணுக்குத்தான் முதலில் வேகம் தரும். இரண்டும் மோதாதா என்று அவள் கேட்டாள். பகலில் தன்னுடையது ஆபீஸில்தானே இருக்கும் என்றான்.

இப்போது மோதிக்கொண்டிருந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி.

அவன் ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னான். பிரிண்டரை அணைத்தாள். டேப்லெட்டை அணைத்தாள். கூடத்தில் மாமியார் பார்த்துக்கொண்டிருந்த டிவியையும் அணைத்தாள்.

“ஊர் நெட்டையெல்லாம் சரி பண்றவன், வீட்டு நெட்டை அம்போன்னு விட்டுட்டான்,” என்றார் மாமியார், கறுத்த திரையைப் பார்த்தபடி.

முக்கோணம் அசையவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது திருட்டுத்தனமாக எடுக்கிறார்களோ என்று நினைத்தாள். அதற்கும் வழியில்லை. இந்த வைஃபை வாசலைத் தாண்டாது, மேலே மொட்டை மாடிக்கு வேண்டுமானால் எட்டும் என்று அவனே ஒருமுறை சோதித்துச் சொல்லியிருந்தான்.

அவள் போன் டேட்டாவில் ஓடியது. அதில் வீடியோ போட்டுப் பார்த்தாள். படம் உறைந்து நின்றது. எண்ணை மாற்றட்டுமா என்று கேட்டாள். வேகம் போய்விடும் என்றான்.

“அப்ப ரூட்டரை ஒருதரம் அணைச்சுப் போடறேன்.”

“வேண்டாம். அதைத் தொடாதே.”

எந்தக் கோளாறுக்கும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வான்.

“இன்னும் கொஞ்சம் பொறு. இந்த வேலை உனக்குக் கிடைச்சே ஆகணும்.”

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொறுத்தது போதும் என்று ப்ளக்கைப் பிடுங்கினாள்.

போன் ஊமையானது.

அவள் போனில் டேட்டா முழுசாக இருந்தது. அவன் மட்டும் எப்போதும் ஆபீஸ் வைஃபையிலிருந்துதான் நெட் கால் போடுவான். பிடுங்கியதோ வீட்டு ரூட்டரை. கையில் ப்ளக்கோடு சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பச் செருகினாள்.

ரூட்டரில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசி விளக்கு நிலைத்ததும் போன் அடித்தது.

“லிஃப்ட்ல சிக்னல் போயிடுச்சு. இப்பப் பாரு, சரியாயிருக்கும்.”

லேப்டாப்பைப் பார்த்தாள். முக்கோணம் இல்லை.

“சரியாயிடுச்சுங்க,” என்றாள், மாமியாருக்குக் கேட்காத குரலில். “வேலை எப்பப் போச்சுன்னு அப்புறம் சொல்லுங்க. முதல்ல மொட்டை மாடியிலேர்ந்து இறங்கி வாங்க, வெயில் ஏறுது.”